கைக்குட்டை சீன்

இல்லம்மா, இனிமே உள்ள விடமாட்டாங்க. கதவ இழுத்துச் சாத்திட்டாங்க, பாக்கலையா? காலையிலேர்ந்து மேடை மேல சவப்பெட்டிய வெச்சிருந்தாங்க, பாக்குறவங்கள்லாம் பாத்துட்டுப் போயாச்சு. இப்ப குடும்பத்து ஆளுங்க மட்டுந்தான் உள்ள. கொஞ்ச நேரத்துல தோள்ல தூக்கிக்கிட்டு இந்தப் படி வழியாத்தான் வருவாங்க. பூவ அப்ப வண்டி மேல போட்டுக்கலாம். இங்கயே நில்லுங்க, எம் பக்கத்துல. இதவிட நல்ல எடம் கெடைக்காது. டிவிக்காரன் கேமராவே இங்கதான் பாத்துக்கிட்டு நிக்குது.

எந்த ஊரு? குவென்காவா? அடேயப்பா, இந்தக் குளிர்ல, அம்புட்டு தூரம் பஸ்ல, கஸ்பார் ஒலாயாவப் பாக்கவா? குடுத்துவெச்சவன்தான். உங்க வீட்டுக்காரரோட மொதமொதல்ல பாத்த படமே அவன் படந்தானா? சரிதான் போங்க. ஸ்பெயின்ல பாதிக் கல்யாணம் அவன் படத்தால நடந்திருக்கும்போல.

நானா? சொந்தமெல்லாம் இல்ல. ஃப்ரெண்டுன்னு ஊர்ல சொல்றாங்க, நானும் இல்லைன்னு சொல்றதில்ல. எவரிஸ்தோ எம் பேரு. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. ஆனா என் சிரிப்பக் கேட்டிருப்பீங்க. அந்தக் காலத்துல ரேடியோவுல அவன் நாடகம் போடுவாங்களே, அதுல எல்லாருக்கும் முன்னாடி ஒரு ஆளு சிரிப்பான். அடித்தொண்டையிலேர்ந்து, கெணத்துல விழுந்த கழுதை கத்துற மாதிரி. ஆங், அதேதான்! அது நான்தான். உங்கப்பா அந்தச் சிரிப்புக்குத்தான் சிரிப்பாரா? பாத்தீங்களா. எல்லாரும் அதுக்குத்தான் சிரிச்சாங்க.

அதுதாம்மா என் தொழிலு. இதே எஸ்பிகா தியேட்டர்ல கைதட்டுற கூட்டத்துக்கு நான்தான் மேஸ்திரி. மேல் மாடிய நாங்க கோழிக்கூண்டும்போம். காலேஜ் பசங்க, பென்ஷன் வாங்குற கெழவனுங்க, இவங்களையெல்லாம் கொறஞ்ச டிக்கெட்டுல அங்க ஏத்தி விடுவேன். பதிலுக்கு நான் தட்டும்போது தட்டணும், நான் சிரிக்கும்போது சிரிக்கணும். கீழ முழு டிக்கெட் எடுத்து உக்காந்திருக்காரே கனவான், அவருக்கு சிரிப்பு வயித்துக்குள்ளயே இருக்கும். வெளிய விடக் கூச்சம். யாராச்சும் ஒருத்தன் ஆரம்பிச்சுக் குடுக்கணும், அப்புறம் அவரை நிறுத்த முடியாது.

இப்ப இந்தத் தெருவையே பாருங்களேன். எவ்வளவு கூட்டம்! நடிகன் செத்தா மட்ரீட்ல கைதட்டித்தான் அனுப்புவோம்னு எல்லாருக்கும் தெரியும். தட்டணும்னுதான் வந்திருக்காங்க. ஆனா மொதத் தட்டு யாரு தட்டுறது? அவன் தட்டட்டும்னு இவன் பாப்பான், இவன் தட்டட்டும்னு அவன் பாப்பான்.

அதுக்குத்தான் அவன் பொண்டாட்டி எனக்குப் போன் பண்ணுச்சு. பெகோன்யா. நல்ல பொம்பளைதான், அதக் குத்தம் சொல்லக்கூடாது. எவரிஸ்தோ, கடைசியா எடுத்த படமெல்லாம் ஓடல, ஜனங்க மறந்துட்டாங்களோன்னு பயமா இருக்கு, டிவில வேற காட்டுறாங்க, எம் புருஷன் பெட்டி சத்தமில்லாமப் போயிடக்கூடாது, நீதான் வந்து ஆரம்பிச்சு வெக்கணும்னு ஒரே அழுகை. கவலைய விடுங்கம்மா, நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன். என் ஆளுங்கள்ல உசுரோட மிச்சம் இருக்கிறவனுங்களையும் கூட்டிட்டு வந்துட்டேன். அந்தா, வெளக்குக் கம்பத்துகிட்ட மப்ளர் சுத்திக்கிட்டு நிக்கிறானே, தமியான். செஸ்ட்நட் சுட்டு விக்கிற வண்டிகிட்ட ஓசியில குளிர் காயுறானே, அவன் உர்பானோ. அந்தப் பக்கம் படியோரமா இன்னும் ரெண்டு பேரு. எல்லாவனும் என்னையவே பாத்துக்கிட்டு நிக்கிறானுங்க பாருங்க. நான் என்ன பண்ணுறேனோ அதையே பண்ணுவானுங்க.

அவன் எப்படிப்பட்டவனா? நேர்லயா? காப்பி சாப்புடப் போனா பில்லு வர்ற நேரத்துக்குப் பாத்ரூம் போவான். அதையெல்லாம் நான் பெருசா எடுத்துக்கல. நடிகன்னா அப்படித்தான். லோக்ரோன்யோ ஊர்ல ஒரு பார்பர் புள்ள அவன். காத்தாடி மாதிரிக் காதும் நீள மூஞ்சியுமா இங்க வந்து எறங்குனான். டான்ஸ் ஆடுற பொண்ணுங்க டிரெஸ் மாத்துற நேரத்துக்கு மேடையில யாராச்சும் ஏதாச்சும் பண்ணணுமே, அதுக்கு அவன வெச்சாங்க. அப்பல்லாம் பேசவே மாட்டான். மூஞ்சியாலயே பண்ணுவான். மொத நாளு ஒருத்தன் சிரிக்கலம்மா. ஒருத்தன்கூட. இருமல் சத்தம் கேட்டுச்சு, நாற்காலி கிரீச்சிட்ட சத்தம் கேட்டுச்சு. உள்ள வந்து பக்கெட்டுல வாந்தி எடுத்தான். என் கைய ரெண்டையும் புடிச்சுக்கிட்டு, எவரிஸ்தோ, என்னை அடி, ஒதை, மூஞ்சியில துப்பு, அந்த அமைதி மட்டும் இன்னொரு தடவ வேணாம், அது வந்தா நான் செத்துருவேன்னான். பாவமா இருந்துச்சு. மறுநாள் அவன் காதத் தொட்டதும் நான் சிரிச்சேன். கோழிக்கூண்டு சிரிச்சுச்சு. அப்புறம் கீழ இருந்தவங்க சிரிச்சாங்க. அவ்வளவுதான், கஸ்பார் ஒலாயா பொறந்துட்டான்.

ஐயோ இருங்கம்மா, கைக்குட்டை சீனுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கேன். எல்லாரும் அதத்தான் மொதல்ல கேக்குறீங்க.

அதுக்கு முன்னாடி அவன் சினிமாவுக்குப் போன கதையக் கேளுங்க. ஒரு சினிமா கம்பெனி முதலாளி நாடகம் பாக்க வர்றாருன்னு திடீர்னு சேதி வருது. அன்னிக்குப் பாத்து நான் லீவு. வீட்டுல ஒரு கஷ்டம், அது அப்புறம். அந்த ராத்திரி நான் வேலைக்கு வரமுடியாதுன்னு சொல்லி அனுப்பியாச்சு. இவன் டாக்ஸி அனுப்புறான். அவன் வாழ்க்கையில டாக்ஸிக்குக் காசு குடுத்தது அந்த ஒரு தடவதான். எவரிஸ்தோ, நீ இல்லைன்னா இன்னிக்கு நான் செத்தேன், ஒரே ஒரு மணி நேரம், உன் கால்ல விழுறேன்னு துண்டுச் சீட்டு. என் சம்சாரம் அமாலியா அதப் படிச்சிட்டு, போயிட்டு வா, உன் வேலைதானேன்னா. போனேன். சிரிச்சேன். முதலாளி கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சு, சட்டையெல்லாம் பிராந்தியக் கொட்டிக்கிட்டாரு. அன்னிக்கே ஒப்பந்தம்.

நாடகம் முடிஞ்சு அவன் ரூமுக்குப் போனேன். அங்க என்னால முடியலம்மா. உக்காந்து அழுதேன். சிரிச்சப்ப எப்படி அழுகைய அடக்கினேன், கைக்குட்டைய வாயில எப்படித் திணிச்சேன், அழுகை வந்த ஒவ்வொரு தடவையும் அதச் சிரிப்பா எப்படி மாத்துனேன், எல்லாம் அவன்கிட்ட சொன்னேன். வேற யாருகிட்ட சொல்றது? அவனும் என்னைக் கட்டிப்புடிச்சு அழுதான். நெஜமாத்தான் அழுதான், சத்தியம் பண்ணுவேன். ஆனா ஒரு கண்ணுதான் அழுதிருக்கு. இன்னொரு கண்ணு பாத்துக்கிட்டிருந்திருக்கு. அது எனக்கு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு.

அப்புறம் என்ன, நீங்க பாத்தது எல்லாந்தான். சர்ச்சுல மணி அடிக்கிறவனா வந்தான், டிராபிக் போலீஸா வந்தான், தொப்பையும் மயிருமா பீச்சுல ஸ்வீடன்காரிங்க பின்னாடி ஓடுனான். ஜனங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நான் சந்தோஷந்தான் பட்டேன், நம்ம ஆளுன்னு. எனக்கு ஒண்ணும் பண்ணலையேன்னு உர்பானோ திட்டுவான். சினிமாவுல கைதட்டுறவனுக்கு என்ன வேலைடான்னு நான்தான் அவனுக்கு வக்காலத்து வாங்குவேன். நாட்டையே புடிச்சு வெச்சிருந்த அந்தக் கெழட்டு ஜெனரல் செத்துப்போயி, தணிக்கைக்காரன் கையெல்லாம் கொஞ்சம் தளந்த நேரத்துலதான் இவனுக்கு டைரக்டர் ஆசை வந்துச்சு.

கலை தாகமா? பேப்பர்காரனுக்குச் சொன்னது அது. எங்கிட்ட நெஜத்தச் சொன்னான். மேடையில அமைதி வந்தா ஓட முடியாது, எவரிஸ்தோ, படத்துல ஓடலாம், அவங்க சிரிக்காதப்போ நான் அங்க இருக்கமாட்டேனேன்னான். அம்புட்டு பேரு புகழு எல்லாம் வந்தும் அந்தப் பயம் போகல அவனுக்கு. மொத நாளு ஷோவுக்கு மட்டும் இருந்தே ஆகணுமே, அதுக்கு நான் வேணும். கோழிக்கூண்டில் ஒரு ராத்திரின்னு படத்துக்குப் பேரு. நம்ம தியேட்டர் கதை, நம்ம ஜனங்க கதை, அமாலியாவையும் கூட்டிட்டு வான்னு மொத வரிசை டிக்கெட் அனுப்பினான். பொண்டாட்டிக்குமா டிக்கெட்! எனக்குத் தலகால் புரியல. அமாலியா அந்தக் கறுப்புக் கோட்ட பிரஷ் போட்டுத் தொடச்சு, முத்துத் தோட மாட்டிக்கிட்டு வந்தா. ரொம்ப நாளைக்கப்புறம் தோடு போட்டா.

என் பழக்கம் உங்களுக்குச் சொல்லணும். நான் மேடையப் பாக்கவே மாட்டேம்மா. பாத்தா வேல கெட்டுப்போகும். ஜனங்களத்தான் பாக்கணும். எவன் உதடு துடிக்குது, எவன் நாற்காலியில நெளியுறான், எப்ப ஊதுனா பத்திக்கும்னு மூஞ்சியிலதான் தெரியும். பாதி ஆயுச தியேட்டர்ல கழிச்சிருக்கேன், ஒரு நாடகம்கூட முழுசாப் பாத்ததில்ல. அன்னிக்கும் அப்படித்தான். ஓரமா ஒரு தூண்ல சாஞ்சு, திரைக்கு முதுகக் காட்டிக்கிட்டு நின்னேன். எந்தெந்த எடத்துல சிரிக்கணும்னு அவன் முன்னாடியே சொல்லிட்டான். பேச்சே இல்லாம ஒரு சீன் வரும், வெறும் அக்கார்டியன் வாசிப்பாங்க, அது நின்னதும் நல்லா வயித்துலேர்ந்து போடு எவரிஸ்தோ, படத்தோட உசுரே அங்கதான் இருக்குன்னான்.

அக்கார்டியன் நின்னுச்சு. போட்டேன்.

ஆமா, அந்தக் கைக்குட்டை சீன்தான். நீங்களே சொல்லுங்களேன், எப்படி வரும்? ஆங்... கைதட்டுற மேஸ்திரி ஒருத்தன். ஆசையா வளத்த கேனரிக் குருவி செத்துப்போயிடுது. ஷூ டப்பாவுல வெச்சு, டப்பா மேல பெயின்ட்ல எல்விரான்னு பேர எழுதுவான். தியேட்டர்லேர்ந்து ஆளு வந்து தரதரன்னு இழுத்துட்டுப் போவான். அங்க உக்காந்து வாயில கைக்குட்டையத் திணிச்சிக்கிட்டு, அழுறான், சிரிக்கிறான், மூக்கச் சிந்துறான், மறுபடி சிரிக்கிறான். நீங்க எந்த எடத்துல சிரிச்சீங்க? மூக்கு சிந்தும்போதா? எல்லாருக்கும் அங்கதான். இல்லம்மா, உங்க மேல கோவம் இல்ல. நீங்க என்ன பண்ணுவீங்க. உங்களுக்கெல்லாம் முன்னாடி நான் சிரிச்சேனே.

ஹாலே அதிருது. நான் மூஞ்சிங்களப் பாத்துக்கிட்டே வர்றேன், எல்லா வாயும் தொறந்திருக்கு, இவரு கண்ணத் தொடைக்கிறாரு, அந்தம்மா விசிறியால மூஞ்ச மறைக்குது. மொத வரிசையில ஒரே ஒரு மூஞ்சி சிரிக்கல. அமாலியா. திரையப் பாக்கல அவ. என்னையப் பாக்குறா. என்னடாதுன்னு திரும்புனேன். திரையில என் மீசை, என் கோட்டு, என் கைக்குட்டை. எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு கஸ்பார் அழுதுக்கிட்டிருக்கான்.

வெளிய வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. அன்னிக்கு நீ இப்படியா சிரிச்சேன்னா. அந்த டாக்ஸி வந்த ராத்திரி வீட்டுக்குத் திரும்பிப் போனப்ப அவகிட்ட நான் என்ன சொல்லியிருந்தேன்னா, உர்பானோதான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டான், நான் மூலையில சும்மா உக்காந்திருந்தேன், வாயத் தெறக்கலைன்னு. அவளும் நம்பிக்கிட்டு வாழ்ந்துட்டா. அத நம்பித்தான் எங்கூட வாழ்ந்தாளோ என்னமோ. கொஞ்ச நாள்ல பெட்டியக் கட்டிக்கிட்டு அல்பசேத்தேல தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. சண்டையெல்லாம் போடல. ரெண்டு தடவ போய்க் கூப்பிட்டேன். அங்கயே இருந்து, அங்கயே செத்தும் போயிட்டா. தோட மட்டும் எனக்குக் குடுக்கச் சொன்னாளாம்.

ஒரு குருவிக்காகவா இம்புட்டும்னு கேக்குறீங்க. கேக்கத்தான் செய்வீங்க. படத்துல குருவிதானே.

அவன்கிட்ட போனேன், போகாம இருப்பேனா. வெளிநாட்டுல பரிசு வாங்கிட்டு வந்திருந்தான், அலமாரியில வெச்சுத் தொடச்சுக்கிட்டிருந்தான். ஏண்டா பாவி, ஏண்டா இப்படிப் பண்ணுனேன்னு கேட்டேன். என்ன சொன்னான் தெரியுமா? நீ பெருமைப்படணும் எவரிஸ்தோ, நாடே உன் கண்ணீரப் பாக்குது, யாருக்குத் தெரியும் அது நீன்னு? உனக்காகத்தான் நான் அதக் குருவியா மாத்துனேன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான். எல்விராங்கிற பேர மாத்தணும்னு மட்டும் அவனுக்குத் தோணவே இல்ல. இல்ல, தோணியிருக்கும். அந்தப் பேரு காதுக்கு நல்லாருக்குன்னு விட்டிருப்பான்.

அன்னிக்கு அவனக் கொல்லாம எதுக்கு வந்தேன்? கொன்னா அதோட முடிஞ்சுதே. ஸ்பெயினே அழுது கைதட்டி அனுப்பியிருக்கும். டாக்டர் என்னை சிகரெட்ட விடுன்னப்ப ஏன் விட்டேன்னு நெனைக்கிறீங்க? பிராந்திய விட்டேன், பன்னிக்கறிய விட்டேன், காலையில அந்த ரெதீரோ பார்க்கச் சுத்திச் சுத்தி நடந்தேன். எல்லாம் எனக்கு முன்னாடி அவன் போகணுங்கிறதுக்குத்தான். இந்தப் படியில அவன் எறங்கும்போது நான் கீழ நிக்கணும்னுதான். அவன் பொண்டாட்டியே என்னைக் கூப்பிடும்னு மட்டும் கனவுலயும் நெனைக்கல. போன வெச்சிட்டு அன்னிக்கு ராத்திரி முட்டை பொரிச்சு, ரொட்டி தொட்டு, வயிறாரச் சாப்பிட்டேன்.

உஷ்... கதவு தொறக்குது. வர்றாங்க. பூவ நல்லாப் புடிங்க, கீழ விழுந்துரும். அந்தா பெட்டி. முன்னாடி தூக்குறது அவன் தம்பி, அதே காதுதான் பாருங்க. பின்னாடி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு வர்றது பெகோன்யா. பாத்தீங்களா, நேரா என்னையத்தான் தேடுது. பாத்துருச்சு.

என் கையா? என் கையில தொப்பி இருக்குதும்மா. இந்தா, இப்படிக் கழட்டி, ரெண்டு கையாலயும் நெஞ்சோட சேத்துப் புடிச்சிக்கிட்டேன். இப்படித் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அங்க பாருங்க, தமியான் கழட்டிட்டான். உர்பானோ கழட்டிட்டான். படியோரத்துல ரெண்டு பேரும் குனிஞ்சிட்டானுங்க. இனிமே அவனுங்க பக்கத்துல இருக்கிறவனுக்குக் கை எழும்பாது. தட்டுனா மரியாதை இல்லையோன்னு தோணும். பாருங்க, அந்த ஆளு கையத் தூக்குனாரு, அப்படியே கீழ போட்டுட்டாரு. அந்தப் பொண்ணு அம்மா கையப் புடிச்சு எறக்குது. பரவுது பாருங்க, தெருக்கோடி வரைக்கும்.

கேக்குதா? ஷூ சத்தம் மட்டுந்தான். யாரோ இருமுறாங்க. இதுதாம்மா அது. அவன் பக்கெட்டுல வாந்தி எடுத்தானே, அது இதுதான். நாளைக்குப் பேப்பர்ல, மட்ரீட் மௌனமா அஞ்சலி செலுத்துச்சுன்னு எழுதுவான், எழுதட்டும். பெகோன்யாவுக்குத் தெரியும். பெட்டிக்குள்ள இருக்கிறவனுக்கும் எப்படியாச்சும் தெரிஞ்சிருக்கும். மெதுவாத் தூக்கிட்டுப் போங்கப்பா, அவசரம் ஒண்ணும் இல்ல.

என்னம்மா, எதுக்கு இப்படிப் பாக்குறீங்க? எல்விராவா? குருவியெல்லாம் எங்க வீட்டுல வளத்ததே இல்லம்மா. அது எம் பொண்ணு பேரு. மூளைக்காய்ச்சல்ல போனா. அவன் டாக்ஸி அனுப்புனப்ப அவ கட்டில்ல கெடந்தா, அமாலியா தலை வாரி விட்டுக்கிட்டிருந்தா. பெட்டிகூட இன்னும் வரல.

சரி, வண்டி கெளம்புது பாருங்க. குவென்காவுலேர்ந்து கொண்டாந்தீங்களே, பூவப் போடலையா?